வைக்கோல் துண்டும் கல் குவியலும்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. மச்சான் மகனுக்குப் பதினோரு வயசு. வந்த அன்னைக்கே, "மாமா, கட்டபொம்மன் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பிடித்துக்கொண்டான். எங்க ஊரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி வண்டியில் அரை மணி நேரம். உளுந்து பிடுங்கி முடிஞ்சு, களத்து வேலையும் ஒருவழியாய் ஓய்ந்த நேரம்தான். சரி வாடா என்று கிளம்பினோம்.

உள்ளே போய்ச் சுற்றி வந்தவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "பீரங்கிக் குண்டு பட்ட ஓட்டை எங்க மாமா?"

"இது 1974-ல கவர்மெண்ட் கட்டினதுடா. பழைய கோட்டை இல்ல."

பையன் முகம் சுருங்கிப் போச்சு. "அப்போ பழைய கோட்டை?"

அகழ்ந்தெடுத்து வைத்திருக்கிற அடித்தளங்களைக் காட்டினேன். முழங்கால் உயரம்கூட இல்லாத கட்டுமானம். அவனுக்கு அது பெரிசாய்ப் படவில்லை. நினைவுக்கோட்டையின் உள்சுவரில் வரிசையாய் ஓவியங்கள், நடுவில் கட்டபொம்மன் சிலை. அதைத்தான் இரண்டு சுற்று பார்த்தான். சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து வருகிற முக்கால்வாசிப் பேர் இதையே செய்கிறார்கள். சிலையோடு ஒரு படம், கோட்டை வாசலில் ஒரு படம், பக்கத்தில் சக்கதேவி கோயிலில் ஒரு கும்பிடு, முடிந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பார்க்கிறதுக்கு அங்கே அவ்வளவுதான் இருக்கிறது. பாக்கியெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்துவிட்டுப் போனான்.

ஒருமுறை இல்லை, ரெண்டுமுறை. 1799-இல் கட்டபொம்மன் போன பிறகு கோட்டையை இடித்தார்கள். 1801-இல் ஊமைத்துரை திரும்பக் கட்டியதை மறுபடியும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இடித்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்க பக்கம் சொல்வார்கள். சின்ன வயசில் இதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விதைச்சா விதைச்சுட்டுப் போறான் என்றிருந்தேன். சொந்தமாய் ஏர் பிடித்த பிறகுதான் அந்தச் சங்கதி உறைத்தது. கரிசலில் ஆமணக்கை யாரும் முதல் பயிராய் வைத்துப் போற்றுவதில்லை. வரப்பு ஓரத்தில், பருத்திக்கு நடுவே ஊடுபயிராய், பாடு பார்க்காத பொட்டலில் போட்டுவிடுகிற பயிர் அது. ராஜா கொலு இருந்த இடத்தில் அதைப் போடுவது என்றால் என்ன அர்த்தம்? எதிரியின் ஊரைக் கழுதை பூட்டி உழுவது நம்ம புறப்பாட்டுக் காலத்திலிருந்தே இருக்கிற வழக்கம். சோழ நாட்டைப் பிடித்த மாறவர்மன் சுந்தர பாண்டியனும் அங்கே கழுதை ஏரால் உழுது கவடி விதைத்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாய்ச் சொல்லிக்கொள்கிறான். ஆக, கும்பெனிக்காரன் புதுசாய் எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எது உறைக்கும் என்று தெரிந்து செய்திருக்கிறான்.

அந்தக் கோட்டை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், அதை இடிக்க வந்தவர்களில் ஒருத்தரைத்தான் கேட்க வேண்டும். பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1801 சண்டையில் கும்பெனிப் படையில் இளம் அதிகாரியாய் இருந்தவர். பிற்காலத்தில் தன் பட்டாள வாழ்க்கை நினைவுகளை ரெண்டு பாகமாய் எழுதி 1830-இல் லண்டனில் வெளியிட்டார். நம்மோடு சண்டை போட்டவர்தான். ஆனால் கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதுகிற மனசு அவருக்கு இருந்தது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை முழுக்க முழுக்க மண்ணால் கட்டியது, நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி என்கிறார். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்றரை ஏக்கர். எங்க வீட்டுத் தெற்குப் புஞ்சையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. சினிமாவில் பார்த்த கோட்டையை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஏமாற்றமாய்த்தான் இருக்கும். எனக்கு அப்படி இல்லை. மூன்றரை ஏக்கர் மண்ணுக்கு இவ்வளவு பெரிய பட்டாளம் திரும்பத் திரும்ப வந்து அடிபட்டுப் போயிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். 1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது, வெள்ளை அதிகாரிகள் செத்தார்கள். மேற்கொண்டு பீரங்கி வருகிறது என்று தெரிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு, செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று கும்பெனி நினைத்தது.

1801 பிப்ரவரி 2 சாயங்காலம். மேஜர் மெக்காலே வீட்டில் வெள்ளை அதிகாரிகள் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெல்ஷும் அந்தப் பந்தியில் இருந்தவர்தான். சிறைக்குள் அம்மை போட்டிருந்ததால் கைதிகளின் விலங்கைத் தளர்த்தி வைத்திருந்தார்களாம். வெளியூர் ஆட்கள் மாதிரி வேஷம் போட்டு ஆயுதத்தை மறைத்துக்கொண்டு வந்த கூட்டம் காவலை உடைத்து ஊமைத்துரையையும் மற்றவர்களையும் மீட்டுக்கொண்டு போனது. ராத்திரியோடு ராத்திரியாய் முப்பது மைல். பிப்ரவரி 9-ஆம் தேதி கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சி முன்னால் வந்து நின்றபோது, இடித்துப்போட்ட இடத்தில் கோட்டைச் சுவர் எழும்பி நிற்கிறது. ஆறு நாள்.

இந்த ஆறு நாள் விஷயத்தை மேடையில் பேசுகிறவர்கள் வீரம், வீரம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். நான் விவசாயி என்பதால் எனக்கு வேறு கணக்கு ஓடும். அது தை கடைசி. அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் விளைந்து, தையில் கம்பும் சோளமும் வரகும் வீடு வந்து சேரும். தை கடைசியில் களம் காலி. ஆட்களுக்குக் கை சும்மா இருக்கும். வைக்கோலும் தட்டையும் படப்புப் படப்பாய் நிற்கும். கண்மாயில் இன்னும் தண்ணி கிடக்கும். மண் வெட்டுகிற பதத்தில் ஈரமாய் இருக்கும். மண் சுவர் வைக்க என்னென்ன வேண்டுமோ, அத்தனையும் ஊருக்குள் தயாராய் இருந்த மாசம் அது. இதே சிறையுடைப்பு சித்திரையில் நடந்திருந்தால், பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிற கரிசலைக் கடப்பாரை போட்டுத்தான் பேர்க்க வேண்டும். குழைக்கத் தண்ணிக்கு எங்கே போவது? ஆறு நாளில் அரைச் சுவர் எழும்பியிருக்காது.

இதைத் தெரிந்தே தை மாசத்தைத் தேர்ந்தெடுத்தார்களா, தானாய் அமைந்ததா என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஆனால் கோட்டை கட்டிய கைகள் படைவீரன் கைகள் மட்டும் இல்லை என்பது எனக்கு நிச்சயம். கதிர் அறுத்துக் காய்ச்சுப்போன கைகள் அவை.

கரிசல் மண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தில் இருக்கிறவர்கள் மண் கோட்டை என்றதும் கடற்கரையில் பிள்ளைகள் கட்டுகிற மணல் வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள். கரிசலை மிதித்துக் குழைத்து, வைக்கோல் சேர்த்துச் சுவர் வைத்து, அது காய்ந்தும் விட்டால் மண்வெட்டி தெறிக்கும். எங்க தாத்தா காலத்துத் தொழுவச் சுவரை இடிக்க நான் ரெண்டு நாள் ஆள் விட்டேன். செங்கல் சுவர் என்றால் குண்டு பட்ட இடத்தில் விரிசல் ஓடி மொத்தமாய்ச் சரியும். இந்தச் சுவர் அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பட்ட இடம் மட்டும் பொத்தல் விழும், அதையும் ராத்திரியில் மண் அப்பி அடைத்துவிடலாம்.

மார்ச் 31 அன்று கும்பெனிப்படை பீரங்கியால் சுவரை உடைத்து உள்ளே ஏறப் பார்த்தது. உடைப்பில் ஏறியவர்களை உள்ளிருந்து நீளமான வேல்கம்புகளால் குத்தித் தள்ளினார்கள். உள்ளே நிற்கிறவன் யாரென்றே ஏறுகிறவன் கண்ணுக்குத் தெரியாதாம். அன்றைக்கும் கும்பெனி பலத்த அடி வாங்கித் திரும்பியது. பிறகு கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்தார். மே 24-இல் கோட்டை விழுந்தது. வைகாசி மாசம், கண்மாய் வற்றிக் கிடந்திருக்கும்.

ஊமைத்துரை பற்றி வெல்ஷ் எழுதியதில் ஒரு விஷயம் படித்த நாளிலிருந்து எனக்கு மறக்கவே இல்லை. ஒல்லியான, உயரமான, நோஞ்சான் மாதிரி தெரிகிற ஆள். பேச வராது. ஆனால் அவர் கை அசைவுக்கு அத்தனை பாளையமும் அசைந்தது. சண்டைக்கு உத்தரவு கொடுக்க வேண்டுமென்றால் என்ன செய்வாராம் தெரியுமா? சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாய் அடுக்குவார். அதுதான் வெள்ளைக்காரப் பட்டாளம். எப்போது என்பதைச் சைகையால் காட்டுவார். பிறகு வலது கையை அதன் மேல் வீசி, வாயால் ஒரு சத்தம் கொடுத்து, அத்தனையையும் ஒரே தள்ளாய்த் தள்ளிவிடுவார். அவ்வளவுதான் கட்டளை.

நினைவுக்கோட்டைச் சுவரில் எத்தனையோ ஓவியம் இருக்கிறது, குதிரையும் வாளும் தர்பாரும். என்னைக் கேட்டால் உள்ளங்கையில் வைக்கோலோடு ஊமைத்துரையை ஒரு சிலை வைக்கலாம். குதிரை வேண்டாம். வைக்கோல் என்றால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் புரியும். அது அவர்கள் வீட்டுப் பொருள்.

இன்னொரு சம்பவமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கோட்டை விழுந்த நாள், உள்ளே இருந்தவர்கள் வெளியேறி ஓடும்போது ஊமைத்துரை பலத்த காயம்பட்டுப் பிணங்களோடு பிணமாய்க் கிடந்தார். பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு அந்தக் களத்துக்கு வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்துவிட்டாள். உயிர் இருக்கிறது. தூக்கப் போனவளிடம் அவன், என்னை விடும்மா, அங்கே கிடக்கிற சாமியை முதலில் காப்பாற்று என்றானாம். சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் மகனை அங்கேயே விட்டுவிட்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தார்கள். ஊமைத்துரையைப் பிடித்துக்கொடுத்தால் கும்பெனியிடம் பரிசு கிடைக்கும். பெண்கள் என்ன செய்தார்கள்? அவரைத் துணியால் மூடிவிட்டுச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். என்ன என்று கேட்டவர்களிடம், வீட்டுப் பிள்ளை அம்மையில் செத்துப்போச்சு என்றார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள்.

நம்ம ஊர் இழவு வீடுகளில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது எவ்வளவு நம்பும்படியான நாடகம் என்று தெரியும். எங்க ஆச்சி ஒப்பாரி எடுத்தால் செத்தவர் யாரென்றே தெரியாத வழிப்போக்கன்கூட நின்று கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் போவான். ஆனால் இந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நாடகத்துக்கு அழ வேண்டிய தேவையே இருந்திருக்காது. அவள் மகன் களத்தில் கிடக்கிறான். அவனுக்கு வைக்க வேண்டிய ஒப்பாரியைத்தான் துணிக்குள் படுத்திருந்தவருக்கு வைத்திருப்பாள். இதை வெல்ஷ் எழுதவில்லை, நான் நினைத்துக்கொள்கிறேன். அவள் பெயரையும் வெல்ஷ் எழுதவில்லை.

பிழைத்த ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய்ச் சின்ன மருதுவோடு சேர்ந்தார். ஜூன் மாசம் திருச்சியில் சின்ன மருது பெயரில் அறிக்கை ஒட்டப்பட்டது. எல்லாச் சாதிக்காரர்களையும் பெயர் சொல்லி அழைத்து வெள்ளையனை எதிர்க்கச் சொன்ன அறிக்கை. அக்டோபர் முதல் தேதி காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16-இல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் சின்ன மருது மகன் துரைசாமி உட்பட 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்கு தீவுக்கு நாடு கடத்தினார்கள். இதே வெல்ஷ் 1818-இல் பினாங்கில் துரைசாமியைப் பார்க்கிறார். பதினைந்து வயசுப் பையனாய்ப் போனவர் பதினாறு வருஷத்தில் கிழவனாய்த் தளர்ந்து நின்றாராம். தனக்கு வளரி எறியவும் ஈட்டி வீசவும் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று எழுதியவர் வெல்ஷ். அவர் மகனை அந்தக் கோலத்தில் பார்த்தபோது மனசு என்ன பாடுபட்டிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் பையனைக் கயத்தாற்றுக்கும் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் கேள்வி. தூக்குப் போடும்போது கட்டபொம்மன் சினிமா வசனம் பேசினாரா என்றான். வசனம் சினிமாக்காரர்கள் எழுதியது. ஆனால் பானர்மேன் மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தூக்குமேடைக்குப் போகிறவர் சுற்றி நின்ற மற்றப் பாளையக்காரர்களை அலட்சியமாய்ப் பார்த்தாராம். கவலைப்பட்டது ஒரே ஒருத்தருக்காக, வாய் பேச முடியாத தம்பிக்காக. மரத்தடியில் நின்றபோது, கோட்டையை விட்டு வந்ததுதான் தப்பு, அங்கேயே சண்டை போட்டுச் செத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாராம். தூக்கில் போட்டவனே எழுதி வைத்த சாட்சியம் இது.

கயத்தாற்றில் இப்போது இருக்கிற சிலை சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970-இல் நிறுவியது. 1959-இல் அந்தப் படத்தில் நடித்தவர், அந்த மண்ணுக்குத் தன்னால் ஆனதைச் செய்தார். மரியாதைக்குரிய காரியம். முகத்தைப் பார்த்தால் கட்டபொம்மன் தெரிகிறாரா சிவாஜி தெரிகிறாரா என்று சொல்வது கஷ்டம். கட்டபொம்மன் முகத்தைப் பார்த்து வரைந்த படம் எதுவும் நம்மிடம் இல்லாதபோது வேறு என்ன செய்ய முடியும்? பிறகு அரசாங்கம் மணிமண்டபமும் கட்டி 2015-இல் திறந்தது.

இதற்கெல்லாம் முன்னாடி அங்கே வேறொரு நினைவுச்சின்னம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்பில் அது வருகிறது. தூக்கிலிட்ட இடத்துக்குப் பக்கத்தில் பெரிய கல் குவியல். சின்னதும் பெரிசுமாய்க் கற்கள். அந்த வழியாய்ப் போகிற வருகிற ஜனங்கள் ஆளுக்கொரு கல் போட்டுப் போட்டு உயர்ந்தது. திறப்புவிழா இல்லை, கல்வெட்டு இல்லை. போட்டவன் பெயரும் இல்லை, போட்டது எதற்கு என்றும் எழுதவில்லை. கும்பெனி ஆட்சியில் கட்டபொம்மன் பெயரைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டால் ஆபத்து. ஆனால் ரோட்டோரம் ஒரு கல்லைப் போட்டால் எவன் என்ன கேட்பான்? புஞ்சையில் பொறுக்கிய கல்லை வரப்போரம் எறிகிற மாதிரிதானே. பாட்டுக்காரர்களும் அப்படித்தான் கதையைக் காப்பாற்றினார்கள். கும்மியில், கதைப்பாடலில், கூத்தில் வைத்துக் கைமாற்றிக் கைமாற்றி நம்மகிட்டக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பருத்தி வண்டி ஓட்டினவன், ஆடு மேய்ச்சவன், பனையேறி, வளையல் செட்டி என்று யார் யாரோ போட்ட கற்கள் அதில் இருந்திருக்கும். எந்தக் கல் எந்தச் சாதிக்காரன் போட்டது என்று பிரிக்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது அப்படி இல்லை. சொல்லச் சங்கடமாய் இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கவர்னகிரியில் சுந்தரலிங்கத்துக்கு ஒரு மணிமண்டபம் இருக்கிறது. வல்லநாட்டில் வெள்ளையத்தேவனுக்கு மணிமண்டபம் இருக்கிறது. ரெண்டு பேரும் கட்டபொம்மன் படைத் தளபதிகள் என்று வாய்மொழி வரலாறு சொல்கிறது. சுந்தரலிங்கமும் வடிவும் ஆட்டு மந்தையோடு போய் வெள்ளைக்காரனின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து செத்தார்கள் என்ற கதையை எங்க பக்கம் சின்னப் பிள்ளையும் சொல்லும். உயிரோடு இருந்தவரை ஒரே கோட்டைக்குள் ஒரே சுவரைக் காத்தவர்கள். இன்றைக்கு இந்த மண்டபத்துக்குப் போகிறவன் அந்த மண்டபத்துக்குப் போவதில்லை. குருபூசை, பிறந்தநாள், சக்கதேவி திருவிழா என்று வந்தால் மாவட்டத்தில் தடை உத்தரவு, வெளி மாவட்ட வண்டிக்குக் கட்டுப்பாடு, முக்குக்கு முக்கு போலீஸ். அந்த நாட்களில் மிளகாய் லோடு ஏற்றக்கூட நாங்கள் யோசிப்போம்.

1997 ஞாபகம் இருக்கிறதா? அப்போது எங்க மாவட்டத்தின் பெயர் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரம் இங்கேதானே. பக்கத்து மாவட்டம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பஸ் எல்லாம் கட்டபொம்மன் பெயரில், பாண்டியன் பெயரில் ஓடும். அந்த மே மாசம் விருதுநகரில் புதிதாய்த் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசாங்கம் வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கல் வீச்சு, தீ வைப்பு, கொலை வரைக்கும் போனது. கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாக் கழகத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சுந்தரலிங்கம் பெயரோடு கட்டபொம்மன் பெயரும் போச்சு, வ.உ.சி. பெயரும் போச்சு. ஆறு நாளில் கோட்டை கட்டிய ஜனம் ரெண்டு மாசத்தில் இதைச் செய்தது.

வெள்ளைக்காரன் அழிக்க நினைத்த பெயர்கள். அவன் ஆமணக்குதான் விதைத்தான். இதை விதைத்தது நாம்.

அப்போது எங்க ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு ஒரே பஸ். அது ரெண்டு வாரம் வரவில்லை. என் சோட்டுப் பையன் ஒருத்தன், வேறு தெருக்காரன், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாய்ப் படித்தவன், அந்த ரெண்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எனக்கும் போய்ப் பேசத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பழி முழுக்க அவன் மேல் போட முடியாது. பத்து வருஷம் கழித்து ஒரு அடைமழையில் என் டிராக்டர் ஓடைச் சேற்றில் புதைந்து நின்றபோது அவன்தான் கயிறோடு வந்தான். "என்ன அண்ணாச்சி, மடக்குப் பாதை இருக்கையில இதுல ஏன் விட்டீரு" என்றான். சின்ன வயசில் வாடா போடா என்று கூப்பிட்டவன். அந்த அண்ணாச்சி எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பேச்சு வந்ததே.

கயத்தாற்றிலிருந்து திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பையனுக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. வெள்ளைக்காரன் கல்லறை. 1799-லும் 1801-லும் கோட்டையைத் தாக்கிச் செத்த அதிகாரிகளை ஓட்டப்பிடாரம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் போனோம். சுற்றிலும் உடைமரம், வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. பையன் கல்லில் எழுதியிருந்ததை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். பெயர், பதவி, செத்த தேதி எல்லாம் இருக்கிறது. கும்பெனிக்காகச் சண்டை போட்டுச் செத்த நம்ம ஊர்ச் சிப்பாய்களுக்குக் கல் இல்லை. எட்டயபுரத்து ஆட்களுக்கும் இல்லை. கோட்டைக்குள் செத்தவர்களுக்கு ஆமணக்கு.

"மாமா, அந்தப் பையனோட அம்மா இருந்த ஊரு எது?" என்றான் திடீரென்று. முந்தின நாள் சொன்ன கதையை ராத்திரி பூரா யோசித்திருப்பான் போல.

இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு ஊருதான் என்றேன்.

"நம்ம ஊரா இருக்குமா?"

"இருக்கலாம்டா."

ஆட்டுக்காரக் கிழவி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்தாள். சொன்னேன். எங்க ஆச்சியைத் தெரியும் என்றாள். பையன் கீழே குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டான். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகிறானாக்கும் என்று நினைத்தேன். கயத்தாறு தாண்டித்தானே பஸ் போகும், ஜன்னல் வழியாய்ப் போட்டுவிடுகிறேன் என்றான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கல்லெறிந்தால் கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார்டா என்று அவன் அப்பா சத்தம் போட்டார். கல் இப்போது எங்க வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அடுத்த தடவை விதை உளுந்து வாங்கக் கயத்தாறு பக்கம் போகும்போது நான் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.